காற்றாடியும் சுழலட்டும், மக்களும் உறங்கட்டும்

கரையோரக் கிராமமொன்றில் மூன்று பிள்ளைகளுடன் தகரக் கொட்டிலில் வாழ்கின்ற ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது:

"சுவாமி, அந்த நாளில செல் விழும், பிறகு நிண்டிடும். நிண்டாப்பிறகு பிள்ளையளை நித்திரையாக்கலாம். இது ராவு முழுக்க நிக்குதில்லையே. இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

தன் குடியிருப்புக்கு அண்மையில் எழுந்த காற்றாடிகளைப் பற்றியே அவர் சொன்னார். அன்று நாம் அங்கே சென்றது தூய சக்தியின் நன்மைகள் பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்துவதற்காக. புகையில்லாத மின்சாரம், கரியில்லாத மின்சாரம் என்று படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்த எம்மிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து இவ்விடயத்தைத் தேடிப் படித்தோம், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டோம். அந்தத் தாய்க்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போதாவது எழுத முனைகிறோம்.

பழைய சத்தங்களை மறக்கலாகாது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் காற்றாடிக்கு எதிரானவர்கள் அல்லர். காலநிலை மாறிவருகிறது என்பதை விவசாயிக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வரட்சியில் குளங்கள் வற்றியதைக் கண்டோம். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வயலையும் வீட்டையும் ஒன்றாக மூடியதையும் கண்டோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் எடுப்பதை உலகம் குறைத்தேயாக வேண்டும்.

அந்தப் பழைய வழி எமது மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் மறக்கலாகாது. 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் தூசும் சாம்பலும் அயலிலுள்ள தோட்டக்காரரையும் மீனவரையும் எவ்வளவு வருத்தின என்பது நாடறிந்த செய்தி. சுன்னாகத்தில் எண்ணெயில் இயங்கிய மின் நிலையத்தால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடு வழங்க உத்தரவிட்டது.

சத்தத்தை எடுத்துக்கொண்டாலும் பழைய வழி மௌனமானதன்று. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின், டீசல் ஜெனரேற்றர், உழவு மெசின் ஆகியவற்றின் அருகில் நிற்பவரின் காதுக்கு 85 டெசிபலைத் தாண்டிய சத்தம் எட்டுவது வழமை. நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு 85 டெசிபல் என்பதே தொழிற்சுகாதார நிபுணர் பலர் ஏற்கின்ற எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2 மணித்தியாலம். எமது முதியவர்களுள் எத்தனைபேர் "கொஞ்சம் பிலத்துச் சொல்லு தம்பி" என்கிறார்கள்! அது முழுவதும் வயதின் குறையன்று. அந்த மெசினை அகற்றிச் சூரிய ஒளியில் ஓடும் மோட்டரைப் பூட்டுகின்ற விவசாயி தன் காதையும் காப்பாற்றுகிறார், சுவாசப்பையையும் காப்பாற்றுகிறார்.

ஆகவே, தூய சக்தி பல சத்தங்களை நீக்குகிறது. அதேவேளை, சில புதிய சத்தங்களைக் கொண்டும் வருகிறது. நீங்கும் சத்தத்தின் நன்மையை ஊரெல்லாம் அனுபவிக்கும். வரும் சத்தத்தைச் சுமப்பவர்களோ ஒரு சிலர். அவர்கள் பெரும்பாலும் வேறு இடத்துக்குப் போக வழியற்றவர்களாக இருக்கிறார்கள். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரவில் மட்டும் ஏன் கேட்கிறது?

பெரிய காற்றாடி ஒன்றின் சத்தம் பெரும்பாலும் இயந்திரத்திலிருந்து வருவதன்று. நீண்ட இறக்கைகள் காற்றைக் கிழித்துச் செல்லும் சத்தமே அது. ஒவ்வொரு இறக்கையும் கீழே இறங்கும்போது "வூஷ்" என்று ஏறி இறங்கும். ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குக் காது பழகிவிடும். இவ்வாறு ஏறி இறங்கும் சத்தத்துக்குப் பழகுவது கடினம்.

அளவைச் சொல்வதானால், பெரிய காற்றாடி ஒன்றிலிருந்து 500 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 40 டெசிபல் கேட்கலாம். தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். காற்றாடிகள் பல வரிசையாக நின்றால் சத்தம் கூடும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் வரும் என்பதால், 40 என்பது பகலில் பெரிய சத்தமன்று. ஆனால் அமைதியான கிராமத்து இரவோ 30 டெசிபலுக்கும் கீழே போகும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் எமது காதுக்கு அது இருமடங்கு சத்தமாகப் படும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பகலில் தரையிலும் காற்று வீசும். பனையோலை சலசலக்கும், கடல் இரையும், பிள்ளைகள் விளையாடும். அந்தச் சலசலப்புக்குள் காற்றாடியின் சத்தம் மறைந்துவிடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கீழே காற்று அடங்கிவிடும். ஆனால் நூறு மீற்றர் உயரத்தில் காற்று அடங்காது, சில வேளைகளில் பலமாகவும் வீசும். கீழே ஓலை அசையாதிருக்க, மேலே காற்றாடி சுழன்றுகொண்டிருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் பேர்க் என்ற பௌதிக அறிஞர் 2004இல் இதனை அளந்து காட்டினார். பகலில் வந்து பார்த்துவிட்டு "இங்கே சத்தம் ஒன்றுமில்லையே" என்று திரும்பிச் செல்லும் உத்தியோகத்தர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் வந்த நேரம் பிழை.

காற்றடிக்கும் திசையிலே சத்தம் கூடுதலாகப் பரவும். சோளகக் காற்றுக் காலத்தில் தென்கரையில் நிற்கும் காற்றாடிகளின் சத்தம் அதற்கு வடக்கே, உட்புறமாக உள்ள குடியிருப்பை நோக்கியே வரும். ஆகவே எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பதும் முக்கியமானது.

உண்மையை உண்மையாகச் சொல்வோம்

காற்றாடியைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. காற்றாடி மழை மேகத்தைக் கலைக்கிறது என்கிறார்கள். காதுக்குக் கேட்காத அதிர்வு உடலுக்குள் புகுந்து நோயை உண்டாக்குகிறது என்கிறார்கள். இவற்றுக்கு ஆதாரமில்லை. காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வைப் பற்றி அவுஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. சத்தத்தைத் தாங்க இயலாத 37 பேரை 72 மணித்தியாலம் அத்தகைய அதிர்வுக்குள் வைத்துச் சோதித்தார்கள். உறக்கத்திலோ உடல்நிலையிலோ பாதிப்பெதுவும் காணப்படவில்லை என 2023இல் அறிவித்தார்கள். ஆதாரமற்ற கதைகளைக் கூட்டத்தில் சொன்னால், எமது உண்மையான முறைப்பாடும் அவற்றோடு சேர்த்துத் தள்ளப்பட்டுவிடும்.

கேட்கின்ற சத்தத்தின் கதை வேறு. உறக்கம் கெட்டால் இரத்த அழுத்தம் ஏறும், மனம் சோரும், பிள்ளையின் படிப்புக் கெடும். வீதி வாகனம், விமானம் ஆகியவற்றின் சத்தத்தைப் பற்றி இது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. காற்றாடியைப் பற்றிய ஆய்வுகள் அவ்வளவு இல்லை. கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 1,238 வீடுகளில் நடத்திய ஆய்வின் முடிவை 2014இல் வெளியிட்டது. சத்தத்துக்கும் நோய்க்கும், சத்தத்துக்கும் உறக்கக் குறைவுக்கும் தொடர்பிருப்பதாக அது காணவில்லை. ஆனால் சத்தம் கூடக்கூட மக்களின் எரிச்சல் கூடியதென்பதைத் தெளிவாகக் கண்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு, காற்றாடிச் சத்தம் நாள் முழுவதற்குமான கணக்கில் 45 டெசிபலுக்குக் கீழே இருப்பது நல்லதென 2018இல் பரிந்துரைத்தது. இரவுக்கென்று தனியாக எல்லை வகுக்கப் போதிய சான்று இல்லையென்றும் அது ஒப்புக்கொண்டது.

"கனடாவிலே பாதிப்பில்லை, ஆகவே உங்களுக்கும் பாதிப்பில்லை" என்று எவராவது சொன்னால், அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

கொட்டிலுக்குச் சுவர் உண்டா?

இந்த எல்லைகள் யாவும் வீட்டுக்கு வெளியே அளப்பவை. உறங்குபவரோ வீட்டுக்குள்ளே உறங்குகிறார். நல்ல உறக்கத்துக்கு அறைக்குள் 30 டெசிபலுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999இல் சொன்னது. வெளியே 45 இருக்கலாம் என்றது எப்படி? யன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் வீட்டின் சுவர் 15 டெசிபலைத் தடுக்கும் என்ற கணக்கிலேதான். 45இல் 15 போனால் 30.

எமது நாட்டின் விதியும் இதைப் போன்றதே. 1996இல் வெளியான சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் எல்லையாகும். கல்வீட்டில் வாழ்பவருக்கு அது பொருந்தலாம். கிடுகுக் கொட்டிலுக்கு? தகரமும் தறப்பாளும் சேர்த்துக் கட்டிய தற்காலிக வீட்டுக்கு? கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருக்கிறது. வெக்கை தாங்காமல் கதவைத் திறந்து வைக்கிறோம், முற்றத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். காலநிலை மாற்றத்தால் இரவுகளும் சூடேறிவருகின்றன. வெளியே 45 என்றால் எமது பிள்ளையின் காதுக்கும் அண்ணளவாக 45தான். ஆகவே சட்டத்தின் எல்லைக்குள் சத்தம் இருந்தாலும் எமது மக்களின் உறக்கம் கெடக்கூடும்.

இரண்டாவது காரணம் எமது மக்களின் மனதைப் பற்றியது. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வொன்று, மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் பதகளிப்பு இருந்ததாகவும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் மனச்சோர்வு இருந்ததாகவும் கண்டது. இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடம் இவை மேலும் கூடுதலாக இருந்தன. கிபிர் வரும் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய காதுகள் இவை. இரவில் வானத்திலிருந்து வரும் சத்தத்தை இந்தக் காதுகள் கேட்கும் விதமும் ஒன்ராறியோ விவசாயியின் காது கேட்கும் விதமும் ஒன்றென்று எவரும் எம்மிடம் நிரூபித்துக் காட்டவில்லை. அந்தத் தாய் செல்லை நினைவுகூர்ந்தது தற்செயலன்று.

யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை?

கனடா ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. காற்றாடியால் வருமானம் பெற்றவர்களிடம் எரிச்சல் குறைவாக இருந்தது. நெதர்லாந்திலும் இதையே கண்டார்கள். இதைக் கேட்டுச் சிலர், "அப்படியானால் இது பணத்துக்கான முறைப்பாடுதானே" என்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தன்னிடம் கேட்டு, தன் சம்மதத்துடன், தனக்கும் பங்கு தந்து வந்த ஒன்றின் சத்தத்தை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். கேளாமல் தலைமீது வைக்கப்பட்டதன் சத்தம் அவனை வருத்துகிறது. சொந்தக் காணியை விட்டு வந்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

டென்மார்க்கில் 2009இல் ஒரு சட்டம் வந்தது. புதிய காற்றாடித் திட்டத்தின் 20 வீதப் பங்குகளை அயலில் வாழ்வோர் வாங்குவதற்கு வழங்க முன்வர வேண்டும் என்றது. பின்னர் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டபோதிலும், அயலவர் பங்காளர் என்ற எண்ணம் அதிலிருந்தது. அங்கே வீடுகளுக்கு அருகிலான சத்த எல்லையும் எமது இரவு எல்லையைவிடக் குறைவு. குடியிருப்புப் பகுதிகளில், காற்றின் வேகத்தைப் பொறுத்து, 37 அல்லது 39 டெசிபல். கல்வீட்டில் வாழும் டென்மார்க் மக்களுக்கு 39, கொட்டிலில் வாழும் எமக்கு 45 என்பது நியாயமா?

எமது நாட்டில் புத்தளம் கரையில் 2010இலிருந்து காற்றாடிகள் சுழல்கின்றன. பின்னர் பளையிலும் வந்தன. 2020 டிசம்பரில் மன்னார் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாற் ஆற்றலுள்ள தம்பபவனித் திட்டம் திறக்கப்பட்டது. அங்கே 30 காற்றாடிகள். மேலும் காற்றாடிகள் அமைக்கும் முயற்சிக்கு எதிராக 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தபோது, வெள்ளம் வடிந்தோடுதல், மீன்பிடி, காணி, கனிய மணல் அகழ்வு ஆகியவை பற்றிய கவலைகளே முன்னின்றன. ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தார். வீதிக்கு வந்தால்தான் குரல் கேட்கும் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றுவது நாட்டுக்கும் நல்லதன்று, தூய சக்திக்கும் நல்லதன்று.

தூய சக்திகள் எல்லாம் ஒரே அளவு சத்தமிடுவதுமில்லை. 2006இல் மக்கள் இடம்பெயர்ந்த சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே சூரிய மின் நிலையமொன்றுக்கு 2025 ஏப்ரலில் ஆரம்ப நிகழ்வு நடந்தது. சூரியப் பலகைக்குச் சத்தமில்லை. அதனோடு இணைந்த மின்மாற்றிகளின் இரைச்சல் பகலோடு பெரும்பாலும் அடங்கிவிடும். காணிப் பிரச்சினை வேறு, அது தீர்க்கப்பட்டேயாக வேண்டும். ஆனால் உறக்கத்தைப் பொறுத்தவரை, குடியிருப்புக்கு அருகில் எதை வைப்பது, தூரத்தில் எதை வைப்பது என்று தெரிவுசெய்ய வழியுண்டு என்பதை இது காட்டுகிறது.

எமது வீட்டையும் பார்ப்போம்

மற்றவரின் சத்தத்தைக் குறைகூறும் நாம் எமது சத்தத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஆலயக் கூரையில் ஒலிபெருக்கி கட்டுகிறோம். விடியற்காலை நான்கரை மணிக்கே பாட்டுப் போடுகிறோம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம், சில விதிவிலக்குகளுடன், உத்தரவிட்டது. எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும் அந்த உத்தரவை நாம் எவ்வளவு பின்பற்றினோம்? அயலில் நோயாளி இருக்கிறாரா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டோமா? எமது ஆலயத்தின் ஒலிபெருக்கியை இறக்கினால்தான் காற்றாடியைப் பற்றிப் பேச எமக்கு வாய் வரும்.

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

அந்தத் தாய் கேட்ட "ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது" என்பதற்கு இப்போது வருவோம்.

பெரிய மின் திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், மக்கள் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் அதைக் கேட்டுப் பெறுங்கள், தமிழில் கேளுங்கள். அதில் மூன்று விடயங்களைத் தேடுங்கள். காற்றாடி வருவதற்கு முன் இரவில் எவ்வளவு சத்தம் இருந்ததென அளந்தார்களா? சோளகக் காலத்தில் அளந்தார்களா? கொட்டில்களையும் தற்காலிக வீடுகளையும் வரைபடத்தில் வீடுகளாகக் குறித்தார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. உறுதி இல்லாதவரின் கொட்டில் சில வேளைகளில் வரைபடத்தில் வருவதேயில்லை.

காற்றாடி ஏற்கெனவே வந்துவிட்டால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி, நேரம், காற்றின் திசை, எவ்வகைச் சத்தம், வீட்டில் யார் விழித்தார்கள் என்பவற்றைக் குறியுங்கள். பத்துக் குடும்பங்கள் இரண்டு மாதம் எழுதினால் அது சாட்சியம். அதன் பிரதியுடன் பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். இரவில் வந்து அளக்கும்படி கேளுங்கள்.

பரிகாரமும் உண்டு. இரவில் குறித்த திசையிலிருந்து காற்று வீசும்போது காற்றாடியை மெதுவாகச் சுழல வைக்கலாம். மின்சாரம் சற்றுக் குறையும், சத்தமும் குறையும். இறக்கையின் பின்விளிம்பில் வாள்பல் போன்ற பட்டியைப் பூட்டிச் சத்தத்தைக் குறைக்கும் முறையும் உலகில் வழக்கத்திலுள்ளது. இவற்றைவிட மேலாக நாம் கேட்க வேண்டிய ஒன்றுண்டு. காற்றாடிக்கு அருகில் தற்காலிகக் கொட்டிலில் வாழும் குடும்பங்களுக்குக் கல்வீட்டை அந்தத் திட்டத்தின் செலவிலேயே கட்டிக் கொடுக்க வேண்டும். பல கோடி ரூபாய்த் திட்டத்தில் அது சிறு தொகை. சுவர் இருந்தால்தான் 45 டெசிபல் என்ற எல்லைக்கே பொருளுண்டு.

அந்தக் கிராமத்துக்கு நாம் மீண்டும் போகவிருக்கிறோம். இம்முறை கருத்தரங்கு வைக்கப் போவதில்லை. இருபது கொப்பிகளையும் பேனைகளையும் கொண்டுபோகிறோம். இரவு அங்கேயே தங்கி, அந்தக் கொட்டிலின் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்து, அந்தத் தாய் கேட்பதை நாமும் கேட்டுவிட்டு, முதற் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதவிருக்கிறோம்.